முந்நூறாவது

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரோலர் கோஸ்டர்கள்
ஏறி இறங்கியாயிற்று.
நாள், ஊர், எந்த வரிசை, மழையா வெயிலா
எல்லாம் நோட்டில் இருக்கிறது.
மரத்தடம் கடகடக்கும், இரும்புத்தடம் இரையும்.
எதிலும் எனக்குக் கடைசிப் பெட்டி.
முன்னால் இருப்பவன் பள்ளத்தைப் பார்க்கிறான்,
கடைசியில் இருப்பவனைப் பள்ளம் இழுக்கிறது.
ஒன்றரை நொடி
இருக்கைக்கும் எனக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெறுங்காற்று.
அதற்காகத்தான்
ஆல்போர்க் நகரில் வருடம் முழுக்க பஸ் ஓட்டுகிறேன்,
ஒரு பயணியின் காப்பியும் தளும்பாமல்.

குத்ருன் ஏறமாட்டாள்.
பார்த்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.
இருபத்தாறு கோடை விடுமுறைகளாக
வெளியேறும் வழியோரம் ஒரு பெஞ்சு,
மடியில் என் கண்ணாடி, சாவி, தொப்பி,
கையில் குறுக்கெழுத்து.
"ஜெர்மனியில் அந்த ஊதா வண்டி, ஞாபகமிருக்கா?" என்றால்
"காப்பி கசந்ததே, அந்த ஊரா?" என்பாள்.

இந்த வருடம் மேற்குக் கரை.
மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா,
வட கடல் காற்று
பஞ்சு மிட்டாயைக் குச்சியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிறது.
நான் தேடி வந்த பெரிய வண்டிக்குச்
சங்கிலி போட்டு, பலகை மாட்டியிருந்தார்கள்:
இன்று காற்று அதிகம்.
விடுமுறையின் கடைசி நாள்.

மிச்சமிருந்தது கம்பளிப்பூச்சி.
பச்சை. சிரித்த முகம். உச்சி மூன்று மீட்டர்.
தண்டவாளம் உண்டு, சரிவு உண்டு,
ஆகவே கணக்கில் உண்டு.
"பெரியவங்க குழந்தையோடதான் ஏறலாம்" என்றாள் தில்தே,
பதினெட்டு வயது, மூக்கில் வெயில் கொப்புளம்,
"தலைகீழா நின்னாலும் முடியாது."
நூற்றுப் பதினேழு முறை தலைகீழாக நின்றவன் நான்.
சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் குத்ருன் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.
பாப்கார்ன் வரிசை வரை போனாள்,
ஒரு குழந்தையை இரவல் வாங்கி வந்தாள்.
மால்தே. ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
பின்னாலேயே அவன் அம்மா,
உருகும் ஐஸ்கிரீமைக் குடித்துக்கொண்டு.

"கடைசிப் பெட்டின்னா வரேன்" என்றான்.
"முன்னால உக்காந்தா ஒண்ணுமே ஆகாது."
எனக்குப் பேச்சு வரவில்லை.
இதே பூச்சியில் நாற்பத்தொரு தடவையாம்,
வேறு எதிலும் ஏறியதில்லையாம்.

முழங்கால் தாடையில் இடிக்க மடங்கி உட்கார்ந்தேன்.
"இப்போ ஆப்பிளுக்குள்ள போவோம், தலையைக் குனி."
குனிந்தேன்.
"மூணாவது சுத்துதான் நிஜம். சக்கரம் சூடாயிடும்."
இதே வாக்கியம் என் நோட்டில்,
ஸ்வீடனுக்குக் கீழே,
நானே கண்டுபிடித்ததாக எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சுற்று.
ஆப்பிளைத் தாண்டிய குட்டிச் சரிவில்
அரை விரற்கடை.
இருந்தது.
யார் கேட்டாலும் சொல்வேன், இருந்தது.

இறங்கியதும் மால்தே பெஞ்சைக் காட்டினான்.
"அவங்க ஏன் ஏறலை?"
"பயம்."
"நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஓடினான்.
அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை,
காற்று பறித்துக்கொண்டு போயிற்று.
குத்ருன் தன் கண்ணாடியைக் கழற்றி
என் கையில் வைத்தாள்.

பெஞ்சு அவள் உட்கார்ந்த இடத்தில் இன்னும் சூடாக இருந்தது.
இங்கிருந்து உச்சி தெரிவதில்லை.
ஒரு புதர், இரண்டு குப்பைத்தொட்டி,
வளைவில் ஒரு கணம் எல்லோருடைய உச்சந்தலையும்.
பிறகு சத்தம் மட்டும்.
அதில் எது தன் ஆளுடையது என்று
பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.
இருபத்தாறு வருடம் இதைத்தான் செய்தாளா,
குறுக்கெழுத்துக்கு நடுவில்?

ஒன்று, இரண்டு.
மூன்றாவது சுற்றில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது.
அவள் குரல்தான்.

நோட்டை எடுத்தேன்:
முந்நூறு. பச்சை. கடைசிப் பெட்டி. காற்று.
அவளது ஆறிய காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு
ஓரத்தில் சேர்த்தேன்:
பரவாயில்லை, சர்க்கரைதான் கூட.

நிமிர்ந்தபோது
இருவரும் மறுபடி வரிசையில் நின்றார்கள்.