இடப்பக்கம்

ஐம்பத்தைந்து அங்குலம்,
விரல் தடிமன்கூட இல்லை.
வாயை எங்கே வைத்தார்கள் என்று
டார்ச் அடித்துத் தேடினேன்.
முதுகில் இருந்தது.
ஆறு மாதமாய் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி
சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது.

செய்தி வாசிக்கிறவளின் உதடு அசையும்.
அடுப்படியில் வெங்காயம் எண்ணெயில் விழும்.
ஜெலுத்தோங் சாலை லாரி ஒன்று
பதினோராம் மாடிவரை ஏறிவந்து
ஜன்னலை உலுக்கிவிட்டு இறங்கும்.
முப்பத்தெட்டை நாற்பத்தைந்துக்கு ஏற்றுவேன்.
அப்போது பார்த்து விளம்பரம் வரும், வீடே அலறும்.
எங்கள் தரை, கீழ்வீட்டுப் புவான் ரொஹானிக்குக் கூரை.
துடைப்பக் கட்டையால் மூன்று தட்டு.
அது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"ஸ்பீக்கர் வாங்கிடலாம்" என்றாள் பாக்கியவதி.
காதைக் காட்டலாம் என்று சொல்லவில்லை.

பிறையில் இருபத்திரண்டு வருடம்
தகடு வெட்டும் எந்திரம் என் இடப்பக்கம் நின்றது.
காதடைப்பான் கொடுத்தார்கள்.
சட்டைப்பையில் பத்திரமாய் வைத்துக்கொண்டேன்.

கொம்தாருக்குப் பக்கத்துக் கடை.
ஊய் என்று சட்டையில் பெயர் தைத்திருந்த பையன்
நீளமான கறுப்புக் கட்டை ஒன்றைத்
தடவித் தடவிக் காட்டினான்.
கூடவே, உட்கார்ந்த நாய் உயரத்தில் ஒரு பெட்டி.
"பேஸ், அங்கிள். பேஸ்தான் முக்கியம்."
போட்டான்.
எங்கோ ஒரு கட்டடம் சரிந்தது.
கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கியது.
சரிந்ததை நான் முட்டியால் கேட்டேன்.

பேஸ் எதற்கடா, பேச்சல்லவா வேண்டும்
என்று தமிழில் வந்ததை
மலாயில் எப்படிச் சொல்வது.
"ஓராங் சாக்காப்" என்றேன்.
மனுஷன் பேசுகிறது.
அவன் சிரித்தான். விலை உயர்ந்ததைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

உள்ளறையில் உட்கார வைத்தார்கள்.
சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர்,
பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி.
"கண்ணை மூடுங்க அங்கிள், ஹெலிகாப்டர் சுத்தி வரும்."
வந்தது.
வலது காதோரம் சிறகடித்து
பிடரிக்குப் பின்னால் போய்
காணாமல் போனது.
காத்திருந்தேன்.
மறுபடி வலப்பக்கமே வந்து சேர்ந்தது.
நடுவில் எந்த நாட்டுக்குப் போய் வந்ததோ.
"எப்படி?"
"பிரமாதம்."
ஐந்துக்குக் காசு கொடுத்தால்
எனக்குத் தேறுவது இரண்டரை என்று
மனசு கணக்குப் போட்டது.

கண்ணைத் திறந்தேன்.
வாசலில் கைப்பையை அணைத்துக்கொண்டு
பாக்கியவதி நின்றிருந்தாள்.
ஹெலிகாப்டருக்காக நான் காத்திருந்ததைப்
பார்த்திருப்பாள்.
அவனைத் தனியே அழைத்து
ஏதோ கேட்டாள்.
அடித்தட்டிலிருந்து ஒரு குட்டை சவுண்ட்பார் இறங்கியது.
காட்சிக்கு வைத்தது, ஓரத்தில் கீறல்,
அட்டைப்பெட்டி இல்லை.
ரிமோட்டில் வாய் வரைந்த ஒரு பொத்தான்:
குரலை மட்டும் தூக்கும்.
நானூற்று முப்பது வெள்ளி.
கேபிள் தனி.

வீட்டில், அளவு நாடா பிடித்து
திரைக்குச் சரி நடுவே வைத்தேன்.
"கொஞ்சம் வலது" என்றாள்.
நடுவில்தான் வைக்கணுமாம், தாளில் போட்டிருக்கு.
"தாள் கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம்."
பிறகு சோபாவை இடுப்பால் தள்ளி
ஒரு கோணத்தில் திருப்பினாள்.
எனக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

எப்போதும் உட்காருகிற பக்கம்.
பட்டர்வொர்த் ஃபெரியில்,
கல்யாணப் பந்தியில்,
படுக்கையில்.
அது அவளுக்குப் பிடித்த பக்கம் என்றே
எத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஒலி பதினான்கில் நிற்கிறது.
வட மாநிலங்களில் மாலை இடியுடன் மழை என்கிறாள் செய்திக்காரி,
ழகரம் முதற்கொண்டு.
பாக்கியவதி ஏதோ முணுமுணுத்தாள்.
"என்ன?" என்றேன்.
பழக்கதோஷம். கேட்டிருந்தது.
கேபிளுக்கு முப்பது வெள்ளி அதிகம் என்றாள்.

மணி பத்தரை.
கீழிருந்து ஒரு தட்டும் வரவில்லை.
புவான் ரொஹானிக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ,
நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.