சகரம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
செருப்புக் கடைக்கு மேல்மாடியில் பல் செய்கிறேன்.
ஊரில் பாதிப் பேருடைய வாய்
பிளாஸ்டரில் என் மேசைமேல் திறந்து கிடக்கும்.
ஒன்றும் பேசாது.
அதனால்தான் தட்டு போடுவது.

பிளேயர் மூடி நிற்காது.
பல் மெழுகு உருக்கி ஒட்டி வைத்திருக்கிறேன்.
கப்பலில் ஆயில்மேனாக இருக்கும் விபின்
லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவருவான்,
சென்ட் வாசம் ஏறிய சட்டைகளுக்கு நடுவில்.
பேர் பார்த்து வாங்கத் தெரியாது. அட்டை பார்த்து வாங்குவான்.
‘ஒனக்குப் பிடிக்கும்னு தோணிச்சு.’
அதற்கு மேல் அவனிடம் கேட்கக்கூடாது.

ரயில் படம் போட்டது முதலில் பிடிக்கவில்லை.
தகர ஷெட்டில் மழை பெய்கிற மாதிரி டிரம்ஸ்.
ஆனியில் ஒருநாள் அசல் மழையும்
பக்கத்து ஷெட்டில் விழ,
எது பாட்டு எது மழை என்று நான் குழம்பி
ஒரு கடைவாய்ப்பல்லைத் தலைகீழாக வைத்தேன்.
அன்றைக்குப் பிடித்துப்போனது.

மஞ்சள் அட்டையில் இரண்டு தட்டு இருக்கவேண்டும்.
இரண்டாவதின் இடத்தில்
யாரோ வைத்த கிறிஸ்துமஸ் பாட்டு.
முதல் தட்டின் கடைசியில் கிட்டார் ஏறி ஏறிப் போய்
இறங்க வழியில்லாமல் நிற்கும்.
மீதியைத் தேடித் தருகிறேன் என்றான் விபின்.
வேண்டாம், அங்கேயே நிற்கட்டும்.

பச்சைச் சட்டைக்காரி
வரிக்கு வரி முன்னால் மூச்சிழுப்பாள்.
அந்த மூச்சை அழிக்காமல் விட்டவன் எவனோ
அவனுக்கு என் கையால் ஒரு தங்கப்பல் இலவசம்.

பிறகு அந்த ஆள்.
அட்டையில் முகம் இல்லை. மரப்படியில் ஒரு நாய் மட்டும்.
ஒரே கிட்டார், பலகையில் கால் தட்டுகிற சத்தம்.
நாலாம் பாட்டில் நாய் குரைக்கும். நிறுத்தமாட்டான்.
அவன் பாஷையில் முக்கால்வாசி எனக்கு விளங்காது.
ஆனால் அவனுக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் கிடையாது.
யாரும் சொல்லவில்லை.
சகரம் வருகிற இடமெல்லாம்
கதவிடுக்கில் காற்று மாதிரி சொல் கிழிந்து வருகிறது.
பதினேழு வருஷம் பல் செய்தவளுக்கு
இதுகூடத் தெரியாதா?

போன புதன்கிழமை குளச்சலிலிருந்து
சிலுவைதாசன் திரும்பி வந்தார்.
மீன் ஏலம் விளிக்கிறவர்.
புதுசெட்டைக் கைலேஞ்சியில் பொதிந்து மேசையில் வைத்தார்.
‘கடிக்க ஒரு குறையுமில்ல மக்ளே. முறுக்கு தின்னேன்.
விளிதான் நிக்கல்ல.
சாளைன்னு சொன்னா வாய்க்குள்ளேயே கெடக்குது.
நேத்து ஒரு நெய்மீன்
எண்ணூறு ரூவா கொறஞ்சு போச்சு.’

டாக்டர் ரசலம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
அளவு சரி. பிடிப்பு சரி. தப்பு ஒன்றுமில்லை, போய்ப் பழகுங்கள்.
அவர் சாப்பிடப் போனதும் கேட்டேன்,
பழைய பல்லில் சந்து இருந்ததா?
‘இருந்துது. சின்னதுல
வள்ளத்துல விழுந்து போனது.’

அரம் எடுத்தேன்.
அந்த ஆளின் மூன்றாம் பாட்டைப் போட்டேன்.
முன்பல் இரண்டுக்கும் நடுவில்
கொஞ்சம் ராவினேன், கேட்டேன், இன்னும் கொஞ்சம்.
‘சொல்லுங்க.’
சாளை.
‘இன்னொரு தடவை.’
சாளை.
நகத்தளவுகூட இல்லை, இன்னொரு இழுப்பு.
சாஆளேய்!
கீழே செருப்புக் கடைப் பையன்
படியேறி வந்து எட்டிப் பார்த்தான்.
பாட்டில் நாய் குரைக்க இன்னும் ஒரு பாட்டு பாக்கி.
சிலுவைதாசன் நெய்மீன், கணவாய், நெத்திலி எல்லாம்
வரிசையாக விற்றுத் தீர்த்தார்,
என் பிளாஸ்டர் வாய்களுக்கு.

டாக்டர் நோட்டில் எழுதியிருக்கிறார்:
மேல் செட், இடைவெளி, லேப் பிழை.
என் சம்பளத்தில் இருநூறு பிடித்தம்.

ராத்திரி விபின் ஏதோ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான்.
கடை பூட்டப் போறான், சீக்கிரம் சொல்லு, என்ன வேணும்?
பல் போனவங்க பாடினது, என்றேன்.
கொஞ்ச நேரம் கடல் இரைந்தது.
‘அட்டையப் பாத்து அத எப்படிக் கண்டுபிடிக்க?’