துணி ஓடும் கண்ணாடி

வீடியோ கலையின் முன்னோடிகள்:
உங்கள் சொந்த மனப்பதிவு. இரண்டு பக்கம். வெள்ளிக்குள்.
பீளமேட்டில் பஸ் ஏறிக்
கருமத்தம்பட்டி தாண்டியும்
‘சொந்த’ என்ற சொல்லிலேயே
நின்றுகொண்டு வந்தேன்.
சீட்டும் கிடைக்கவில்லை.

முதலாமவர்
தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் காந்தத்தை வைத்தார்.
படம் நெளிந்து, திருகி,
யாரும் பயிரிடாத ஒரு பூவானது.
வகுப்பு ஆகா என்றது.
எனக்குப் பிடரி கூசியது.
ஐந்தாவது படிக்கையில்
உடைந்த ஸ்பீக்கரில் காந்தம் பிடுங்கிக்
கொடுவாய்ச் சித்தப்பா வீட்டு டிவியில்
நானும் ஒட்டிப் பார்த்தேன்.
எடுத்த பிறகும் மூலையில் பச்சை போகவில்லை.
செய்தி வாசிக்கிறவர் தோளில்
இரண்டு வருடம் பாசி படர்ந்திருந்தது.
அவர் பெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம்.
எனக்குக் கிடைத்தது பெல்ட்.

அடுத்தவர்
குளத்தில் குதிக்கிற ஆளை
அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.
தண்ணீர் மட்டும் அசைகிறது.
நன்றாக இருந்தது.
வேறெதுவும் தோன்றவில்லை, பொய் எழுதுவானேன்.

இன்னொருவர் ஓர் அறையில் கேமராவும் திரையும் வைத்து
உள்ளே வருகிறவருக்குச்
சில நொடி முந்தைய அவரையே காட்டினார்.
அம்மாவின் கம்பெனியில் பதினொரு கேமரா.
அதில் தன்னை அவள் பார்த்ததே இல்லை.

பிறகு அந்தப் பெண்.
படத்தை உருளவிட்டிருந்தாள்.
கறுப்புப் பட்டை ஒன்று இறங்கி இறங்கி
அவள் முகத்தை, காலை, கையை
வெட்டி வெட்டிப் போகிறது.
ஒவ்வோர் உருளலுக்கும் ஒரு தட்டு.
டொக்.
‘ஒயர் லூசுங்க மேடம்’ என்றான் சென்னிமலைக் குழந்தைவேலு.
சிரித்தோம்.
ஏழாவது நிமிடத்தில் சிரிப்பு தீர்ந்தது.
படம் தீரவில்லை.
டொக்.

எனக்குத் தெரிந்த படம் இது.
காங்கயம் ரோட்டில்,
சாய்த்து நிறுத்திய கண்ணாடி,
அதன் பின்னால் நாலு ட்யூப்லைட்,
மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும் பனியன் துணி.
முன்னால் அம்மா.
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு
எது வந்தாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள்.
பதினாறு வருடம்.
வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால்
சுவர் மேலே மேலே ஏறுதென்பாள்.
நாங்கள் அதைப் பித்தம் என்று நினைத்து
இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தோம்.

புதன் ராத்திரி போனில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.
கலை என்று சொல்லவில்லை.
பாதிச் சோறு தட்டில் இருக்க, முழுதும் பார்த்தாள்.
நடுவில் ஒன்றே ஒன்று கேட்டாள்:
‘ஏங்கண்ணு, இந்தப் புள்ளைக்கு
ஷிப்ட்டு எப்ப முடியுது?’

அப்புறம், நிறுத்து என்றாள்.
நிறுத்தினேன்.
‘இந்தா, இங்க கை நடுங்குது பாரு. அசந்துட்டா.’
மூன்று தரம் பார்த்த எனக்கும்
முப்பது பேர் வகுப்புக்கும் படாத நடுக்கம்.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்டிக்கர் எடுத்து
திரைமேல்
அந்த விரலுக்கு நேராக ஒட்டினாள்.
பழக்கம்.
ஒட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

படம் ஓடியது.
அம்பு அங்கேயே நின்றது.
அதன் கீழே அவள் முழங்கால் வந்தது,
கறுப்புப் பட்டை வந்தது,
ஒன்றுமில்லாத சாம்பல் வந்தது,
கேஸ் சிலிண்டர் மெசேஜ் வந்தது.

இன்னும் பிய்க்கவில்லை.
மனப்பதிவை இதே போனில்தான் அடிக்கிறேன்.
வரி ஏற ஏற ஒவ்வொரு சொல்லும்
அம்பைத் தாண்டித்தான் போகிறது.
‘முன்னோடி’ வந்தது, நின்று பார்த்தேன், போய்விட்டது.
‘அழகியல்’ வந்தபோது நானே அழித்தேன்.
மணி பன்னிரண்டரை.
அம்மா புரண்டு படுத்துச்
சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டுகிறாள்.
இப்போது அம்புக்குக் கீழே
‘வெள்ளிக்குள்’.