பதினான்கு படிகள்

இலந்தைக்குளத்துக் கட்டடத்தில் மூன்றாம் மாடி.
இரவு இரண்டே கால்.
என் பெயர் இப்போது நினா.
ஏசிக்கு நேர் கீழே இடம் என்பதால்
துப்பட்டாவைக் காதுவரை சுற்றி
அதன்மேல் ஹெட்செட் மாட்டியிருக்கிறேன்.

அந்தப் பக்கம், ஏதோ பனி பெய்கிற ஊரில்,
பெயிண்ட், ஆணி, குழாய் விற்கிற கடைக்காரர்.
பிரிண்டர் தாளை இழுக்க மாட்டேன் என்கிறதாம்.
பில்லுக்காக ஆள் நிற்கிறாராம் வாசலில்.

திரையில் பதினான்கு படிகள்.
ஒன்று: வருத்தம் தெரிவி.
இரண்டு: அணைத்துப் போடச் சொல்.
மூன்று: ஒயரைப் பிடுங்கி முப்பது எண்ணச் சொல்.
எண்ணினார். சத்தமாகவே எண்ணினார்.
பதினேழுக்கு மேல் கொஞ்சம் கோபமாக.

முப்பது முடிந்து மெஷின் உயிர்பெற்றபோது
எனக்குக் கேட்டது:
க்ர்ர்ர், டக். க்ர்ர்ர், டக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
தெற்கு மாரட் வீதியில், துளசிராம் கடையில்
இரண்டு வருஷம் கேட்ட சத்தம்.
ரோலரில் தூசி ஏறித் தாள் வழுக்குகிறது.
ஈரத்துணி போதும், நாலு நிமிஷ வேலை.
ஆனால் படிகளில் எங்கேயும் ரோலர் இல்லை.
பன்னிரண்டில் புதுசு வாங்கச் சொல்ல வேண்டும்,
பதினான்கில் நன்றி.

துளசிராமை நல்லவர் என்று எழுத எனக்கு வரவில்லை.
ஏழாயிரம் சம்பளம். அதிலும் இரண்டு மாதம் பாக்கி.
கேட்டால் "காலேஜ் பில்லு வரட்டும்மா" என்பார்.
வரவே இல்லை.
எழுபது மெஷின் பராமரிப்பையும்
டோல்-ஃப்ரீ எண் வைத்திருக்கிற கம்பெனிக்கு
மாற்றிவிட்டது காலேஜ்.
அந்த எண்ணுக்கு ஒருநாள் அவரே போட்டுப் பார்த்தார்.
தமிழுக்கு ஏழு.
ஏழை அழுத்தினால் பாட்டு.
பாட்டு முடிந்தால் இந்தி.
லைப்ரரி பிரிண்டர் எட்டு நாள் படுத்துக் கிடந்தது.
அங்கிருந்து இருபது நிமிஷ நடையில்
இவர் ஸ்க்ரூ டிரைவரால்
முதுகு சொறிந்துகொண்டிருந்தார்.
நான் இங்கே வந்துவிட்டேன்.
இருபத்திரண்டாயிரம். வீட்டு வாசலுக்கே வேன்.

கடைக்காரர் சொல்கிறார்:
முன்பெல்லாம் ரெண்டு கடை தள்ளி ஒருத்தன் இருந்தான்,
கூப்பிட்டால் காபிக் கோப்பையோடு வருவான்,
பேச்சு முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும்.
இப்போது அந்த இடத்தில் நாய்க்கு முடி வெட்டுகிறார்கள்.
ஆமாம், நீ எங்கிருந்து பேசுகிறாய் நினா?

ஊரைச் சொல்லக் கூடாது.
"உங்களுக்கு உதவுகிற இடத்திலிருந்து" என்று சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
பின்மூடியைத் திறங்கள் என்றேன்.
சாம்பல் நிறத்தில், பெருவிரல் தடிமனில் ஒன்று உருளும்.
ஈரத்துணியால் துடையுங்கள்.
சுற்றிச் சுற்றி. அழுத்தாமல்.

மூச்சு கேட்டது. துணி உரசுவது கேட்டது.
பிறகு,
ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கிழிக்கிற மாதிரி
ஒரே இழுப்பு.
வாசலில் நின்ற ஆள் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பதினோரு நிமிடம், நாற்பது விநாடி.
அனுமதி ஒன்பது.
தர மதிப்பீட்டில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.
காரணம்: படி தவறினார்.
பிரச்சினை தீர்ந்ததா என்கிற கட்டத்தில் டிக் இருந்தது.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

விடிகாலையில் தெற்குவாசலிலேயே இறங்கிக்கொண்டேன்.
டீக்கடையில் துளசிராம், லுங்கியில்.
நடந்ததைச் சொன்னேன்.
பாராட்டவில்லை. அது எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.
"மாடல் என்ன?"
சொன்னேன்.
"தொடச்சா மூணு மாசம் ஓடும். அப்புறம் வழுக்கும்.
ரோலரையே மாத்தணும். எங்கிட்ட நாலு கெடக்கு,
இருநூத்தம்பது ரூவா."

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி கூப்பிடுவார்.
மணிலாவில் யாருக்கோ போகும்,
இல்லையென்றால் என் பக்கத்து நாற்காலிக்கு.
முப்பது எண்ணச் சொல்வார்கள்.

ரெண்டு டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.
சம்பள பாக்கியைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.