பன்னிரண்டாம் நம்பர் வட்டம்

நாகலூர் பங்களாவைக் காலி செய்த அன்று
லூர்து ஏற்றிவந்த தேக்குப் பெட்டி
இருபது கொண்டை ஊசியிலும் உருண்டு, கீல் பெயர்ந்து
செவ்வாய்ப்பேட்டையில் இறங்கியது.
பித்தளை தனி, இரும்பு தனி என்றார் சுகவனம்.
தராசு என் பொறுப்பு.

முதலில் ஒரு பாக்குவெட்டி.
வெட்ட வாயில்லை. மூடினால் உள்ளே
கோலிக்குண்டு அளவுக்கு வெறுமை.
ஈயம் ஊற்றி உருண்டை எடுப்பதென்று
பிறகுதான் தெரிந்தது.

மேசை விளிம்பில் திருகி மாட்டும் ஒன்று.
தேங்காய்த் துருவி என்று சத்தியம் செய்தான் லூர்து.
பல் எங்கேடா என்றேன்.
தோட்டாவின் வாயை மடித்து மூடுமாம்.

நீளக் காம்பு வைத்த பித்தளைக் கிண்ணி
மருந்து அளக்க.
எந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை.
தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

கோவையிலிருந்து வந்தவர்
கைக்குட்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்தார்.
"சீமைத் தோட்டா கப்பலில் வர எத்தனையோ வாரம்.
காபிக்குள் பன்றி இறங்க ஒரு ராத்திரி.
சுட்ட கூட்டையே பொறுக்கி வந்து
திரும்ப நிரப்பினார்கள்."

கடைசியாக ஓர் உளி. வட்ட வாய்.
தலையில் பன்னிரண்டு என்று முத்திரை.
மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்க
அட்டை வெட்டுவது.

அடியில் மஸ்டர் புத்தகம், தடித்த தாள்,
தொள்ளாயிரத்துப் பதின்மூன்று, தை மாதம்.
பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை.
கரையான் என்றார் சுகவனம்.
கரையான் காம்பஸ் வைத்தா தின்னும்?

உளியை வைத்துப் பார்த்தேன்.
மயிரிழை பிசகவில்லை.

சடை என்று தொடங்கி ஓட்டை, அப்புறம் இரண்டணா.
வெள்ள, ஓட்டை, இரண்டணா.
பே, ஓட்டை, ஒன்றரை.
அணா எழுதிய பத்தியில் மட்டும்
உளி இறங்கவே இல்லை.

தகர டப்பாவில் மிஞ்சியிருந்தது ஒரே வட்டம்.
அதில் 'ச்சி'.
மூன்று ஓட்டையிலும் வைத்தேன்,
மூன்றிலும் பொருந்தியது.
மற்றவர்கள் எல்லாம்
எந்தப் பன்றியின் விலாவிலோ, எந்த ஓடைக்கரையிலோ.

உளிக்கு ஆறாயிரம் சொன்னார் கோவைக்காரர்.
புத்தகம் வேண்டாம், பழுதாம்.
பழைய பேப்பர் கிலோ பதினாலு.
முள் நின்றதும் எழுதிக்கொண்டேன்:
ஒன்று இருநூறு.

வட்டத்தை எந்தப் பெயரில் சொருக என்று தெரியாமல்
சட்டைப் பையில் போட்டேன்.
ராத்திரி அம்மாப்பேட்டை பஸ்ஸில்
சில்லறையோடு அதுவும் கைக்கு வந்துவிட்டது.
கண்டக்டர் விளக்கடியில் எண்ணிப் பார்த்து
அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.