குறுக்கே ஒன்பது

ஸ்வோனிமிர் கீழே இருக்கிறான், பதினெட்டு மீட்டர் ஆழத்தில்.
நான் மேலே,
கயிறு சுற்றும் கைப்பிடியோடும்
அட்டை போன குறுக்கெழுத்துப் புத்தகத்தோடும்.
கூபர் பீடியில் இன்று நிழலிலேயே நாற்பத்தாறு டிகிரி.
நிழல் என்பது எங்கள் லாரியின் அடிவயிறு.

குறுக்கே ஒன்பது: பூமிக்குள் நிறம், நான்கெழுத்து.
ஓபல்.
இந்த ஊரில் நாய்கூட நிரப்பிவிடும்.
சும்மா இருந்த கைதான்
இருக்கைக்கடியில் கிடந்த அகராதியைப் புரட்டியது.
ஆங்கிலத்துக்கு முன் லத்தீன்,
லத்தீனுக்கு முன் கிரேக்கம்,
அதற்கும் முன், 'இருக்கலாம்' என்ற தயக்கத்தோடு,
சமஸ்கிருதம்: உபலம்.
பொருள், கல்.

அவ்வளவுதான்.
தீ இல்லை, மயில் கழுத்து இல்லை,
இவனுடைய முதுகு போனதற்கு ஒரு சமாதானமும் இல்லை.

ஏதோ ஒரு துறையில்
அயலான் ஒருவன் விரல் நீட்டி
இதற்கென்ன பெயர் என்று கேட்டிருப்பான்.
மூட்டை சுமந்தவன் கல் என்றிருப்பான்,
சுமக்கிறவன் வேறென்ன சொல்வான்.
கேட்டவன் அதையே பெயராக முடிந்துகொண்டு
கப்பல் ஏறியிருப்பான்.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை.
அடிலெய்டு துறைமுகத்தில்
தொப்பி போட்ட ஒருவன் என்னிடமும் ஏதோ கேட்டான்.
எந்த ஊர் என்கிறானாக்கும் என்று
ஷீர்யே என்றேன்.
எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.
முப்பத்தோரு வருடமாக
வங்கிப் புத்தகத்தில் நான் ஒரு தீவு.
திருமதி ஷீர்யே, உங்கள் தவணை பாக்கி.
லியெர்க்கா என்ற பெயர்
இப்போது ஒரே ஒரு வாயில்தான் இருக்கிறது,
அதுவும் தரைக்குக் கீழே.

கயிறு இரண்டு முறை துடித்தது.
சுற்றினேன்.
வெள்ளைக் களிமண், ஜிப்சம், உடைசல்.
ஒரு துண்டை எடுத்து நக்கிப் பார்த்தேன்.
ஈரம் பட்டால்தான் இது தன்னைக் காட்டும்,
உலர்ந்திருக்கையில் எல்லாம் ஒன்றுபோலத்தான்.
உப்பு. சாம்பல் நிறம். பிறகு
ஓரத்தில் நூலளவு பச்சை,
அல்லது என் கண்ணில் வெயில்.

துடைத்தேன், காய்ந்தது, போயிற்று.
மறுபடி நக்கவில்லை.

ஏதாவது இருக்கிறதா என்று
குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.
தினமும் கேட்பான், தினமும் ஒரே பதில்தான்.
காமென் என்று கத்தினேன்.
எங்கள் பேச்சில் கல்லுக்கு அதுதான் சொல்.

அடி சேர அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வெறும் வாளியை இறக்கினேன்.