இடைவெளிக்கு அபராதம்

பயோபோலிஸ். ஏழாம் மாடி. இரவு இரண்டே கால்.
என்னோடு விழித்திருப்பது குளிரூட்டி ஒன்றுதான்.
கிளமெண்டியிலிருந்து வந்த நாற்பத்தொரு டெங்கி மாதிரிகள்
திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கின்றன,
96 ஆம் எண் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி
யாரும் யாரையும் பார்க்காமல்.

நான்கே எழுத்து.
இருநூற்று நாற்பத்தேழு படித்துவிட்டு வந்தவளுக்கு
இது விடுமுறை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வரிசைகளைப் பொருத்தும்போது
எங்காவது ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும்.
அங்கே சின்னதாய் ஒரு கோடு போட்டு இடம் விடுவோம்.
விட்ட இடத்துக்கு அபராதம் உண்டு.
இந்த ஊரில் எதற்குத்தான் இல்லை.
இடைவெளியைத் திறக்கப் பத்து.
திறந்ததை நீட்டிக்க, எழுத்துக்கு அரை.

இந்த விகிதத்தை வைத்தவன் வெங் கியோங்.
ஒரே ஃபங்ஷனில் தொள்ளாயிரம் வரி எழுதுவான்.
பிரித்து எழுது என்றேன்.
ஓடுகிறது அல்லவா என்றான்.
ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், எல்லோர் முன்னும்,
அவன் நிரலை வரிவரியாய் வாசித்துக் காட்டினேன்.
சிலர் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.
அடுத்த மாதம் ராஃபிள்ஸ் பிளேசில்
ஏதோ வங்கிக்குப் போய்விட்டான்.

பத்தை அன்றைக்கே கட்டியாயிற்று.
அப்புறம் நாளுக்கு அரைதானே,
வலிக்காமல் பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

இன்று திரை சொல்கிறது: நாற்பத்தொன்றும் பிணம்.
எந்தப் புரதமும் முழுதாய் இல்லை,
நாலடிக்கு ஒரு நிறுத்தக்குறி.
செத்த வைரஸ் யாரைக் காய்ச்சலில் போடும்?
என் புளோக்கின் கீழேயே சிவப்புப் பதாகை தொங்குகிறது.
பத்தாம் மாடி ரொஸ்னா மூன்று நாளாய் எழவில்லை.

உயிர் மும்மூன்றாய்ப் படிக்கும்.
கடல் மணல் படகு.
ஓரெழுத்து தள்ளி ஆரம்பித்துப் பாருங்கள்:
டல்ம ணல்ப டகு.
எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது,
கடலைத்தான் காணவில்லை.

எங்கே தள்ளிப்போயிற்று?
தொள்ளாயிரம் வரியில் இரண்டு முறை இறங்கி
வெறுங்கையோடு ஏறி வந்தேன்.

கைப்பேசியை எடுத்தேன்.
'நலமா' என்று தொடங்கி அழித்தேன்.
'அன்றைக்கு நான்' என்று தொடங்கி அழித்தேன்.
கடைசியில் பிழைச்செய்தியை மட்டும்
வெட்டி ஒட்டி அனுப்பினேன்.

இரண்டு நீல டிக்.
இந்த நேரத்திலா?

"முழிப்புதான். பையனுக்குப் பல் முளைக்கிறது.
புதிய குறிப்புக் கோப்பு போட்டீர்களா?
அது உயிரியல்காரர்கள் செய்தது, ஒன்றிலிருந்து எண்ணும்.
என் நிரல் பூச்சியத்திலிருந்து.
உனக்குத் தெரியுமே, மாடிக் கணக்கு."

தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
முதல் மாடி காப்பிக்கடையில் சந்திப்போம் என்றான்.
திருச்சியில் தரை பூச்சியம், ஒரு படிக்கட்டு ஏறினால்தான் முதல் மாடி.
இங்கே தரையே ஒன்று.
நான் மேலே, அவன் கீழே,
முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்,
அவரவர் கணக்கில் இருவரும் சரியாக.
அவனுடைய கோப்பி-ஓ ஆறிவிட்டதாம்.
அதை இன்னொன்றாய் எனக்கு வாங்கிக் கொடுத்தான்.

612 ஆம் வரி. ஒன்றைக் கழித்தேன்.
ஓடவிட்டேன்.
முதல் மாதிரி, இரண்டாவது, ஒன்பதாவது...
புரதங்கள் முழுசு முழுசாய் எழுந்து வந்தன,
ஊரைப் படுக்கவைத்த அதே கெட்ட உயிரோடு.
அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது.
ரொஸ்னாவிடம் சொல்ல முடியாத சந்தோஷம்.

"சரியாயிற்று" என்று அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை.
பிறகு கேட்டான்:
"மங்கை, அந்த ஃபங்ஷனைப் பிரித்துவிட்டாயா?"

பதினான்கு மாதமாய்
ஒரு வரிகூட நகர்த்தாத கையால் தட்டினேன்:
"இல்லை.
ஓடுகிறது அல்லவா."